சிங்கப்பூரிலிருந்து தையல் இயந்திரம் வரவழைப்பது: சுங்கத் தீர்வை, காப்புறுதி, தோட்ட முகவரி

கேள்வி: டிக்கோயாத் தையல்காரி

வணக்கம். டிக்கோயாவுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில் எங்கள் வீடு. ஹட்டன் நகரில் ஒரு சிறிய தையற்கடை வைத்திருக்கிறேன். இதுவரை பாடசாலைச் சீருடைகளும் சாரி ஜாக்கெட்டுகளும்தான் என் பிழைப்பு. இப்போது தீபாவளிக்கோ கோயில் திருவிழாவுக்கோ ஜாக்கெட் தைக்க வருகிற பிள்ளைகள் எல்லோரும் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, கழுத்திலும் கையிலும் இதே பூவேலை வேண்டும் என்கிறார்கள். கையால் செய்தால் ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு நாள் போய்விடுகிறது; கூலியோ அதற்கேற்றபடி கிடைப்பதில்லை. ஆகவே தைக்கவும் கணினி வழியாகப் பூவேலை செய்யவும் கூடிய ஓர் இயந்திரத்தைச் சிங்கப்பூர்க் கடையொன்றிலிருந்து வரவழைக்க எண்ணியிருக்கிறேன்.

இயந்திரத்தின் விலை 600 அமெரிக்க டொலர். விமானக் கூரியரில் அனுப்புவதற்கு 90 டொலர். காப்புறுதி வேண்டுமானால் இன்னும் 12 டொலர் கட்ட வேண்டும், வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்று கடைக்காரர் எழுதியிருக்கிறார். பெட்டியோடு சேர்த்து நிறை 12 கிலோ. இரண்டு வருடமாகக் கட்டிய சீட்டுப் பணம் இதற்குள் போகிறது என்பதால் ஒரு தடவைக்கு நான்கு தடவை கேட்டுவிட்டுத்தான் கட்ட வேண்டும் என்றிருக்கிறேன்.

கொழும்பில் எவ்வளவு வரி வரும் என்பதை முன்கூட்டியே கணக்கிட வழி உண்டா? கடைக்காரர், நான் விரும்பினால் பொதியில் "அன்பளிப்பு, பெறுமதி 150 டொலர்" என்று எழுதி அனுப்புவதாகவும் சொல்கிறார். வரி மிச்சம்தானே என்று என் கணவர் அதற்குச் சம்மதம், எனக்கோ மனம் ஒப்பவில்லை. காப்புறுதிக்கு அந்த 12 டொலரைக் கொடுப்பதில் ஏதேனும் பயன் உண்டா என்பதையும் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். முகவரியாக எங்கள் தோட்டத்தின் பெயரையும் டிவிசன் பெயரையும் லயன் இலக்கத்தையும் கொடுத்திருக்கிறேன்.

பதில்: கினிகத்தேனை, முன்னாள் சுங்க முகவர் லிகிதர்

தங்கச்சி, கொழும்பில் ஒரு சுங்க முகவர் நிறுவனத்தில் பதினெட்டு வருடம் பைல் தூக்கியவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மனம் ஒப்பாததுதான் சரி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கணக்கு.

நீங்கள் கடைக்குக் கொடுத்த 600 டொலரின் மேல் மட்டும் சுங்கம் வரி போடுவதில்லை. பொருளின் விலை, காப்புறுதி, அனுப்பு கூலி ஆகிய மூன்றையும் கூட்டி வருவதுதான் சி.ஐ.எப். பெறுமதி, உங்கள் விடயத்தில் அது 702 டொலர். அதைச் சுங்கம் வாராவாரம் வெளியிடுகிற நாணயமாற்று வீதத்தில் ரூபாயாக்குவார்கள். கணக்கு விளங்குவதற்காக ஒரு டொலரை 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 210,600 ரூபாய். இனி வருகிற ஒவ்வொரு வரிக்கும் இந்தத் தொகைதான் அத்திவாரம்.

சுங்கத் தீர்வையின் வீதம் பொருளின் எச்.எஸ். இலக்கத்தை, அதாவது பொருட்களை வகைப்படுத்துவதற்கு நாடுகள் பொதுவாகப் பாவிக்கிற எண்ணைப் பொறுத்தது. இங்கேதான் உங்களுடைய இயந்திரம் சற்றுச் சிக்கலான பொருள். தையல் இயந்திரங்கள் 84.52 என்ற தலைப்பின் கீழும், பூவேலை செய்வதற்கென்றே உள்ள இயந்திரங்கள் 84.47 என்ற தலைப்பின் கீழும் வருகின்றன. தைக்கவும் செய்கிற உங்கள் இயந்திரம் முதலாவது வகையில் அடங்க வேண்டியது. ஆனால் கடைக்காரர் விலைச்சிட்டையில் வெறுமனே "எம்பிராய்டரி மெஷின்" என்று எழுதிவிட்டால் பார்க்கிற அதிகாரி இரண்டாவதை நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. "வீட்டுப் பாவனைக்குரிய தையல் இயந்திரம், பூவேலை வசதியுடன்" என்று மாதிரி இலக்கத்தோடு எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி எழுதாமல் விட்டதனால் ஒரு வாரம் களஞ்சியத்தில் கிடந்த பொதிகளை நான் பார்த்திருக்கிறேன். சரியான இலக்கம் தெரிந்ததும் சுங்கத்தின் இணையத்தளத்திலுள்ள தீர்வை அட்டவணையில் அந்த வரிசையில் விரல் வைத்து, சுங்கத் தீர்வை, செஸ், துறைமுக மற்றும் விமான நிலைய அபிவிருத்தி வரி, பெறுமதி சேர் வரி, சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி ஆகியவற்றின் அன்றைய வீதங்களைப் பாருங்கள். வீதங்கள் வர்த்தமானியில் மாறிக்கொண்டிருப்பவை. போன வருடம் யாரோ கட்டிய தொகையை நம்பிப் பணத்தை எடுத்து வைக்காதீர்கள்.

உதாரணத்துக்கு மட்டும் தீர்வை 15 சதவீதம், துறைமுக வரி 10 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். உங்களுடைய பொருளின் வீதம் இதுவென்று நான் சொல்லவில்லை. தீர்வை 31,590 ரூபாய், துறைமுக வரி 21,060 ரூபாய். 2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம் என்பதால் 210,600 ரூபாயில் 18 சதவீதம், அதாவது 37,908 ரூபாய் என்று பலர் எழுதிக்கொண்டு வருவார்கள். அது பிழை. சி.ஐ.எப். பெறுமதியோடு அதன் பத்திலொரு பங்கைக் கூட்டி, அதற்கு மேல் முன்னர் போட்ட தீர்வையையும் துறைமுக வரியையும் கூட்டி, அந்த மொத்தத்தில்தான் பெறுமதி சேர் வரியைக் கணிப்பார்கள். 231,660, 31,590, 21,060 ஆகியவற்றைக் கூட்டினால் 284,310. அதில் 18 சதவீதம் 51,175 ரூபாய் 80 சதம். வரிக்கு மேல் வரியா என்று கவுன்டரில் நின்று சண்டை பிடிப்பவர்களுக்கு இந்த 13,000 ரூபாய்தான் காரணம். ஆக, சமூகப் பாதுகாப்பு வரியைச் சேர்க்காமலே ஒரு லட்சத்து மூவாயிரத்துக்கு மேல் போய்விட்டது, சி.ஐ.எப். பெறுமதியில் ஏறத்தாழப் பாதி. கூரியர் நிறுவனம் தன் கையாலே வரியைக் கட்டி உங்களிடம் வாங்குமானால் அதற்கொரு சேவைக் கட்டணமும் உண்டு.

இனி அந்த 150 டொலர் யோசனை. சுங்கக் கட்டளைச் சட்டம் 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம். பழைய சட்டமென்றாலும் பெறுமதியைக் கணிக்கும் முறை உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கையைப் பின்பற்றியது. உண்மையாகக் கொடுத்த விலையே பெறுமதி. அதில் நியாயமான சந்தேகம் வந்தால் வங்கிக் கூற்றைக் கேட்கலாம், அதே பொருளின் வேறு இறக்குமதி விலைகளைப் பார்க்கலாம். மாதிரி இலக்கம் இயந்திரத்தின் நெற்றியிலேயே எழுதியிருக்கிறது, கையிலுள்ள தொலைபேசியில் அதன் விலையைப் பார்க்க அதிகாரிக்கு அரை நிமிடம் போதும். அன்பளிப்பு என்று எழுதிவிட்டால் வரி கிடையாது என்பதும் வெறும் பேச்சு. பிடிபட்டால் பறிமுதலும் தண்டமும் உங்கள் பெயரில்தான் வரும், சிங்கப்பூர்க்காரருக்கு ஒன்றும் ஆகாது.

பதில்: பண்டாரவளை வீணை ஆசிரியர்

அண்ணன் தீர்வையைப் பற்றித் தெளிவாக எழுதியிருப்பதால் நான் காப்புறுதியை மட்டும் தொடுகிறேன். குறைத்து எழுதிய விலையின் முழு விலையையும் கொடுத்தவன் நான்.

சில வருடங்களுக்கு முன்னர் தஞ்சாவூர் வீணையொன்றைத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைத்தேன். அனுப்பியவர் எனக்கு நன்மை செய்வதாக எண்ணி, நான் கேளாமலே, கொடுத்த விலையில் நாலிலொரு பங்கைப் பத்திரத்தில் எழுதிவிட்டார். சுங்கத்தில் அந்த விலையை ஏற்கவில்லை. உண்மையான பற்றுச்சீட்டைக் காட்டி, முழு விலைக்கும் வரி கட்டித்தான் எடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியைத் திறந்தபோது முதலில் மெழுகின் வாசனைதான் வந்தது. வீணையின் 24 மெட்டுகளும், அதாவது தந்தியை அழுத்தி வாசிக்கிற உலோகக் கட்டைகளும், மெழுகின் மேல் பதிக்கப்பட்டவை. எங்கோ ஒரு சூடான களஞ்சியத்தில் அது இளகி, மேல்ஸ்தாயி மெட்டுகள் ஏழெட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபடி இறுகியிருந்தன. அதைவிட மோசம், பலா மரக் குடத்தின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு.

காப்புறுதி இருக்கிறதே என்று தைரியமாக எழுதிப் போட்டேன். வந்த பதிலை மூன்று பகுதியாகச் சொல்லலாம். மெழுகு இளகியது பொருளின் இயல்பினால் வந்த கேடு. விபத்தல்ல, ஆகவே அதற்கு இல்லை. குடத்தின் வெடிப்புக்குக் காரணம் உள்ளே போதிய அடைப்பு இல்லாமல் பொதி செய்ததாக இருக்கலாம், ஆகவே பொதி செய்த விதத்தின் படங்களை அனுப்பவும். நானோ ஆவலில் வைக்கோலையும் பஞ்சையும் அள்ளிக் குப்பையில் போட்டு, அட்டைப் பெட்டியைப் பக்கத்து வீட்டுக் கோழிக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது பகுதிதான் முக்கியமானது: ஒருவேளை நட்டஈடு கொடுத்தாலும், பத்திரத்தில் எழுதிய பெறுமதிக்கு மேல் ஒரு சதமும் கிடையாது. சுங்கத்துக்கு முழு விலை, காப்புறுதிக்குக் கால் விலை. ஒரே வீணைக்கு இரண்டு பெறுமதி வைத்தால் இரண்டு பக்கமும் நஷ்டம் நமக்குத்தான் என்பது அன்று விளங்கியது.

இயல்பான கேடு, போதாத பொதி, தாமதம் ஆகிய மூன்றும் சரக்குக் காப்புறுதியில் வழமையாகவே விலக்கப்பட்டவை என்று பின்னர் அறிந்தேன். "எல்லா ஆபத்துகளும்" என்று அட்டையில் எழுதியிருக்கும் ஒப்பந்தத்திலும் இந்த விலக்குகள் உள்ளே இருக்கும். எங்கள் பக்கத்துக்குத் தாமதம் ஒரு சிறிய விடயமல்ல. ஜூன், ஜூலை மழையில் அவிசாவளை, ஹட்டன் வீதியில் மண் சரிந்தால் பொதி எங்கேயோ ஒரு லொறியில் நனைந்துகொண்டு நிற்கும். அதனால் ஒரு திருவிழாக் கால வேலை கைவிட்டுப் போனாலும் அந்த நஷ்டத்தைக் காப்புறுதி பார்க்காது. பெட்டிக்குள் மழை நீர் போய் இயந்திரம் துருப்பிடித்தால் அது வேறு வழக்கு, அதற்குக் கேட்கலாம்; ஆகவே உள்ளே தடித்த பொலித்தீன் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள், அந்தச் சுற்றலைப் படமெடுத்து அனுப்பவும் சொல்லுங்கள்.

டிக்கோயாத் தையல்காரி

இருவருக்கும் நன்றி. கணவருக்கு வீணைக் கதையை வாசித்துக் காட்டினேன். கோழி வந்த இடத்தில் சிரித்தார், கால் விலை வந்த இடத்தில் நிறுத்திவிட்டார். உண்மையான விலையையே எழுதச் சொல்லப் போகிறேன். இரண்டு சந்தேகங்கள் மிச்சமிருக்கின்றன. காப்புறுதி எடுக்காவிட்டால் கூரியர்காரருக்கு எந்தப் பொறுப்பும் இல்லையா? இயந்திரம் உடைந்து வந்தால் நான் கட்டிய வரிப் பணமும் காப்புறுதியில் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கினிகத்தேனை, முன்னாள் சுங்க முகவர் லிகிதர்

பொறுப்பு உண்டு, ஆனால் எல்லையுள்ள பொறுப்பு. விமானத்தில் வரும் சரக்குக்கு மொன்றியல் உடன்படிக்கை என்று ஒன்றிருக்கிறது. சிங்கப்பூரும் இலங்கையும் அதில் சேர்ந்தவை. 2024 டிசம்பர் 28ஆம் திகதியிலிருந்து அதன் உச்ச எல்லை கிலோ ஒன்றுக்கு 26 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கலகு, ஒரு டொலரைவிடச் சற்றுக் கூடிய பெறுமதி உள்ளது. உங்கள் 12 கிலோவுக்கு 312 எஸ்.டி.ஆர்.; ஏறத்தாழ 400 டொலருக்குச் சற்று மேல். அதுவும் நிரூபிக்கப்பட்ட நஷ்டத்துக்குத்தான். நிறையை வைத்துத்தான் எல்லை என்பதைக் கவனியுங்கள். 600 டொலர் இயந்திரம் 12 கிலோ என்பதனால் பாதிக்கு மேலாவது வருகிறது, அதே விலைக் கைத்தொலைபேசி என்றால் பெட்டிச் செலவுக்கும் காணாது. கூரியர்காரரின் பத்திரத்தில் "அறிவித்த பெறுமதி" என்று ஒரு பெட்டி இருக்கும். சுங்கத்துக்காக எழுதுகிற பெறுமதி வேறு, அவருடைய பொறுப்பை உயர்த்துவதற்காக மேலதிகக் கட்டணம் கட்டி எழுதுகிற பெறுமதி வேறு, காப்புறுதி வேறு. கடைக்காரர் சொல்கிற 12 டொலர் இவற்றில் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

சேதத்தை எழுத்தில் அறிவிப்பதற்கு அந்த உடன்படிக்கை பொருளைப் பெற்ற நாளிலிருந்து 14 நாட்கள்தான் தருகிறது. காப்புறுதிக்காரரின் கெடு அதைவிடக் குறுகியதாக இருக்கலாம்.

வரிப் பணத்தைப் பற்றி நல்ல கேள்வி கேட்டீர்கள். காப்புறுதித் தொகை 600 டொலர் என்றிருந்தால் 600 டொலருக்கு மேல் அவர்கள் தர வேண்டியதில்லை; கூலியும் தீர்வையும் அதற்குள் அடங்காது. வர்த்தகத்தில் சி.ஐ.எப். பெறுமதியோடு பத்து சதவீதம் கூட்டி 110 சதவீதத்துக்குக் காப்புறுதி செய்வது பழைய வழக்கம். தீர்வையையும் தனியாகச் சேர்த்துக் காப்புறுதி செய்யலாம். சிறிய பொதிக்குத் தீர்வையைச் சேர்க்க எல்லோரும் சம்மதிக்கமாட்டார்கள், கூலியையாவது சேர்க்கக் கேளுங்கள். உடைந்ததற்குப் பதிலாகக் கடைக்காரர் இன்னோர் இயந்திரம் அனுப்பினாலும் சுங்கத்துக்கு அது ஒரு புதிய இறக்குமதி என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்புறுதிக்குக் கொடுக்கிற கட்டுப்பணம் சி.ஐ.எப். பெறுமதிக்குள் வருவதனால் அதற்கும் நீங்கள் வரி கட்டுகிறீர்கள். மேலே நான் போட்ட உதாரண வீதங்களில் 12 டொலருக்கு 3,600 ரூபாய், அதன் மேல் வரி ஏறத்தாழ 1,775 ரூபாய். அப்படியும் மொத்தம் 5,400 ரூபாய்க்குள் அடங்குகிறது. மூன்று லட்சம் போடுகிற இடத்தில் நானாக இருந்தால் யோசிக்கமாட்டேன். மூவாயிரம் ரூபாய் நூற்கட்டைகள் என்றால் விட்டுவிடுவேன்.

பதில்: மஸ்கெலியா, ஓய்வுபெற்ற தபால் அதிபர்

மகள், எல்லோரும் கொழும்போடு நின்றுவிட்டார்கள். நீங்கள் கொடுத்த முகவரியைப் பார்த்ததும் எனக்கு அடிவயிறு கலங்கியது.

காப்புறுதி எங்கே தொடங்குகிறது என்பதைவிட எங்கே முடிகிறது என்பதுதான் மலையகத்தில் பெரிய கேள்வி. பொதி "ஒப்படைக்கப்பட்டது" என்று பதிவான கணத்தோடு அது முடிந்துவிடும். தோட்டத்து லயனுக்கென்று வருகிற கடிதமோ பொதியோ எத்தனையோ இடங்களில் இன்றும் தோட்டக் காரியாலயத்தில்தான் இறங்குகிறது. அங்கே ஒருவர் ஒப்பமிட்டு வாங்கி ஒரு மேசையிலோ அலுமாரியின் மேலோ வைப்பார், கொழுந்து நிறுக்கிற இடத்தில் யாரிடமாவது சொல்லி அனுப்புவார். வேலைக்கான நேர்முகக் கடிதம் நாள் கடந்த பின் கைக்கு வந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். உங்கள் பொதி அந்த மேசையில் மூன்று நாள் இருந்து, மழை ஒழுக்கில் நனைந்து, அல்லது பெட்டி பிரிந்து உங்களிடம் வந்தால், காப்புறுதிக்காரர் ஒப்பத்தைக் காட்டுவார்: நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது. ஒப்பமிட்டவர் நீங்கள் அல்ல என்பது அவருக்கு ஒரு பொருட்டல்ல, ஏனென்றால் முகவரி நீங்களே கொடுத்தது.

ஆகவே ஹட்டன் கடையின் முகவரியைக் கொடுங்கள். அடையாள அட்டையிலுள்ளபடியே பெயரை எழுதுங்கள், தொலைபேசி இலக்கத்தைச் சேருங்கள். பொதி வந்ததும் ஒப்பமிடுமுன் ஆறு பக்கமும் படமெடுங்கள். மூலை நசுங்கியிருந்தால், ஈரமாயிருந்தால், ஒட்டிய நாடா இரட்டையாயிருந்தால் அதை ஒப்பத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவிட்டு வாங்குங்கள். சுங்கத்தில் திறந்து பார்த்த பொதிக்கு மறுபடி நாடா ஒட்டியிருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். எழுதி மட்டும் வையுங்கள்.

நூல், ஊசி, சட்டகம் போன்ற சிறிய சாமான்களைப் பின்னர் தபாலில் வரவழைப்பீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். பதிவுத் தபால் என்றால் காப்புறுதி என்று நம் சனம் நினைக்கிறது. உலகத் தபால் ஒன்றியத்தின் விதிப்படி பதிவுத் தபால் தொலைந்தால் நட்டஈடு 30 எஸ்.டி.ஆர். மட்டத்தில் நின்றுவிடும், உள்ளே தங்கமே இருந்தாலும். காப்புறுதிப் பொதி என்பது வேறு சேவை. பெறுமதியை அறிவித்து, அதற்குக் கட்டணம் கட்டி அனுப்ப வேண்டும். தொலைந்துபோன பொதிக்கான விசாரணையை அனுப்பிய நாளுக்கு மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொடங்க வேண்டும். நட்டஈட்டுக்கு உரியவர் அனுப்பியவர். பெறுபவருக்கு அவர் விட்டுக்கொடுத்தாலோ, பொதியை நீங்கள் பெற்ற பிறகு உள்ளே சேதமோ களவோ கண்டாலோதான் அது உங்களுக்கு வரும். எனவே கடைக்காரர் தொலைபேசி எடுக்காத ஆளாக இருந்தால் எந்தக் காப்புறுதியும் பாதிதான்.

டிக்கோயாத் தையல்காரி

ஐயா சொன்னபடி முகவரியை மாற்றிவிட்டேன். எங்கள் டிவிசனுக்கு ஒரு பொதி கடைசியாக வந்தது எப்போது என்று மாமியிடம் கேட்டேன். துபாயிலிருக்கிற மச்சாள் அனுப்பிய பால்மாப் பெட்டி காரியாலயத்தில் பதினொரு நாள் இருந்ததாம், எறும்பு கண்டுபிடித்த பிறகுதான் எங்களுக்குச் செய்தி வந்ததாம்.

கடைக்காரருக்கு நேற்றிரவு எழுதினேன். விலை 600 என்றே எழுதவும், "வீட்டுப் பாவனைக்குரிய தையல் இயந்திரம், பூவேலை வசதியுடன்" என்று மாதிரி இலக்கத்தோடு குறிப்பிடவும், பொதி செய்யும்போது நான்கு படங்கள் எடுத்து அனுப்பவும், காப்புறுதித் தொகையில் கூலியையும் சேர்க்கவும் கேட்டேன். காலையில் பதில் வந்தது. தீர்வையைக் காப்புறுதியில் சேர்க்க முடியாதாம். கூலியைச் சேர்க்கலாம், அதற்குக் கட்டுப்பணம் 14 டொலர். அந்தக் காப்புறுதி கூரியர்காரருடையதல்ல, தனியான ஒரு காப்புறுதி நிறுவனத்தினுடையது. சேதத்தை ஏழு நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தின் பிரதியையும் அனுப்பியிருக்கிறார். ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாயை வரிக்கென்று தனியாக எடுத்து வைத்துவிட்டுத் திங்கட்கிழமை பணம் கட்டுகிறேன். தீர்வை அட்டவணையில் 84.52இன் கீழ் பல வரிசைகள் இருக்கின்றன. அண்ணன், கடைக்காரர் விலைச்சிட்டையை அனுப்பியதும் அதிலுள்ள விவரத்தை இங்கே எழுதுகிறேன், எந்த வரிசையில் விரல் வைக்க வேண்டும் என்று ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.